நேராக்கிய ஒயர்கள்

என் அண்ணனுக்குக் குறுக்கே போகிற ஒயரைக் கண்டாலே ஆகாது. வீடுகளில் கரண்ட் வேலை பார்த்துக்கொண்டிருந்தவனை, படகுப் பட்டறையில் படகுகளை ஓட்டிச் சோதிக்கும் என் கணவர்தான் சிபாரிசு செய்து அங்கே சேர்த்துவிட்டார். "மச்சான்கிட்ட என் தலை வகிட்டைக் காட்டாதே, அதையும் நேராக்கிடுவாரு" என்று என்னிடம் கிண்டல் செய்வார். நானும் அதே பட்டறையில் படகுகளுக்கு அடிச்சாயம் பூசுகிறவள்.

பெரிய உல்லாசப் படகொன்று பழுதுபார்க்க வந்தது. அந்த மாதிரிப் படகுக்குப் பின்புறம் அடியில், இடதும் வலதுமாக இரண்டு டிரிம் தகடுகள் இருக்கும். ஒரு தகட்டை இறக்கினால் தண்ணீர் அந்தப் பக்கத்தைத் தூக்கும், எதிர்ப்பக்கம் தாழும். ஓட்டுகிறவர்கள் தகட்டை நினைப்பதில்லை. எந்தப் பக்கம் தாழ வேண்டுமோ, அந்தப் பக்கத்துப் பட்டனை அழுத்துவார்கள். அதனால் வலது பட்டனின் ஒயர் குறுக்கே ஓடி இடது தகட்டுக்குத்தான் போக வேண்டும்.

அந்தப் படகைச் சோதனை ஓட்டத்துக்கு என் கணவர் எடுத்துப்போனார். வேகம் பிடித்ததும் அது இடப்பக்கம் சாய்ந்ததாம். சரியாகவில்லை, மேலும் மேலும் சாய்ந்து, திரும்பி, அலைதடுப்புச் சுவரில் மோதியதாம். கரையில் நின்றவர்கள் சொன்னார்கள். எனக்கு அவர் உடம்புதான் வந்தது.

விசாரணை நாளன்று காலையில் அண்ணன் வீட்டுக்கு வந்தான்.

"எவனோ மாத்தி மாட்டியிருக்கான்னு நினைச்சு நேராக்கிட்டேன், தங்கச்சி. குறுக்கே போறதுதான் சரின்னு எனக்குத் தெரியாது. மாப்ள போயாச்சு. நானும் உள்ளே போயிட்டா அம்மாவை யார் பார்ப்பா?"

எனக்கு அவனை அடிக்க வேண்டும் போலிருந்தது. கட்டிக்கொண்டு அழவும் வேண்டும் போலிருந்தது. இரண்டும் செய்யவில்லை.

பட்டறையில் அதிகாரி உடைந்த படகைச் சுற்றிவந்தார். வலது தகடு முழுக்க இறங்கியிருந்தது. இடப்பக்கம் சாயும் படகுக்கு வலது தகட்டை இறக்கியிருக்கிறார், பதற்றத்தில் பட்டன் மாறிவிட்டது என்றார். முதலாளி அவசரமாகத் தலையாட்டினார், செத்தவர் மேல் பழி போவது அவருக்கு வசதி. நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் வாயைத் திறப்பான் என்று கடைசிவரை நம்பினேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவரு சரியாத்தான் அழுத்தியிருக்காருங்க. பட்டன் பலகையைக் கழட்டிப் பாருங்க" என்றேன்.

அதிகாரி ஸ்குரூடிரைவர் கேட்டார். எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள், அது எப்போதும் அவன் சட்டைப் பையில்தான் இருக்கும். அவன் எடுத்து என்னிடம் நீட்டினான். நான் வாங்கி அதிகாரியிடம் கொடுத்தேன்.

உள்ளே ஒயர்கள் ஒன்றையொன்று தொடாமல், பட்டை போட்டு, நேராகக் கட்டப்பட்டிருந்தன. என் அண்ணன் வேலை எப்போதுமே சுத்தம்.