ஏழு ரூபாய்த் துப்பாக்கி

எங்கள் பஞ்சாலையில் வருஷா வருஷம் நூறு கெஜ ஓட்டப் பந்தயம் நடக்கும். மூன்று வருஷமாக நான்தான் முதல். விருமாண்டி என்றால் பழங்காநத்தத்தில் தெரியாத ஆள் கிடையாது. என் பெண்டாட்டி தங்கப்பொண்ணு அப்படித் தண்டோரா போட்டு வைத்திருந்தாள். ஆனால் ஜெயிக்கிற சூட்சுமம் அவளுக்கே தெரியாது.

சூட்சுமம் என் காலில் இல்லை ஐயா, பந்தயத்தைத் தொடங்கிவைக்கும் மாஸ்டர் பஞ்சாபகேசனின் ஏழு ரூபாய்த் துப்பாக்கியில் இருந்தது. விசையை இழுத்தால் முதலில் 'டக்' என்று உள்ளே சுத்தியல் விழும். மருந்து பற்றி 'டமார்' என்று வெடிக்க அரை நொடி ஆகும். மற்றவர்கள் டமாருக்குக் காத்திருப்பார்கள். நான் டக்கிலேயே பறந்துவிடுவேன். கூட்டத்தின் கூச்சலில் யார் கண்டது!

முப்பத்தெட்டாம் வருஷம் வந்தது வினை. மானேஜர் கைலாசநாதன் எல்லாரையும் கூட்டி வைத்துச் சொன்னார்:

"போன வருஷம் மத்தப் பந்தயங்கள்ல ரெண்டு தடவை வெடிக்கவே இல்லை. மானம் போச்சு. நாப்பது ரூபாய்க்குச் சீமைத் துப்பாக்கியே வாங்கிடுவோம். இந்தத் தடவை ஜெயிக்கிறவனை மெட்ராஸ் பந்தயத்துக்கு அனுப்பப் போறேன்!"

மெட்ராஸ்! எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த கணமே உறைத்தது. சீமைத் துப்பாக்கியில் ஏது டக்?

"எதுக்குங்கய்யா அம்புட்டுக் காசு? இதையே பழுது பாத்துக்கிருவோம். நானே கொண்டு போறேன்" என்று முந்திக்கொண்டேன். காசு மிச்சம் என்றதும் மானேஜர் முகம் மலர்ந்தது.

நேரே பூட்டுக்கடை அப்துல் வஹீதிடம் ஓடினேன்.

"பாய், தவறாம வெடிச்சாப் போதும். அந்த டக் சத்தத்த மட்டும் விட்டுருங்க."

"அதுதானே மாப்ள சீக்கு! அத ஏன் விடணும்?"

"பழகின சத்தம் பாய்..."

பாய் சிரித்துக்கொண்டே வாங்கி வைத்தார். சரி என்று சொன்னதாகத்தான் நான் நினைத்தேன்.

பந்தய நாள். ஆறு பேர் கோட்டில் குனிந்தோம். என் உயிரெல்லாம் காதில் இருந்தது. எங்கே டக்? எங்கே டக்?

டமார்!

அடப்பாவி பாய்! டக்கே வரவில்லை. ஐந்து பேரும் கிளம்பிவிட்டார்கள், நான் மட்டும் கோட்டில் கிடக்கிறேன். மெட்ராஸ் போச்சு, மானமும் போச்சு. வந்த ஆத்திரத்தில் எழுந்து ஓடினேன் பாருங்கள், அப்படி என் ஜென்மத்தில் ஓடியதில்லை. ஒருவனைத் தாண்டினேன். இன்னும் இருவரை. "விடாதீக! விடாதீக!" என்று தங்கப்பொண்ணு தொண்டை கிழியக் கத்தினாள். நாலாமவனும் பின்னால் போனான். நூற்புப் பகுதி அப்துல் அலீம் ஒருவன்தான் மிச்சம். எல்லைக் கயிற்றருகில் நெஞ்சை முன்னே தள்ளினேன். கயிறு என் மார்பில் அறுந்தது.

மாஸ்டர் ஓடி வந்தார். "கடைசியாக் கிளம்பி முதல்ல வந்துட்டியேடா! மூணு வருஷத்துல இப்படி நீ ஓடி நான் பார்த்ததில்லை!"

எனக்கு மூச்சு வாங்கியது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்த தங்கப்பொண்ணின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"தங்கம், நாந்தான் ஓடுனேன். நாந்தான் ஜெயிச்சேன்!"

"பின்ன இம்புட்டு வருஷமா வேற யாரு ஓடுனாகளாம்?" என்று முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள்.