இத்தாவில் ஒரு நடவு

கணவர் மவுத்தாகி, நாலு மாதம் பத்து நாள் துக்கம் காக்கும் இத்தாவில் றமீஸா இருந்தாள். வாசல் தாண்ட முடியாது; பிற ஆண்கள் முன் வரவும் முடியாது. மழைக்காலம் முழுக்க அவர் பொலித்தீன் கூரைக்குள் வளர்த்த டயந்தஸ் பூங்கன்றுகள் வீட்டை ஒட்டிய அம்பிட்டியத் தோட்டத்தில் நடவுக்குக் காத்திருந்தன.

திரைக்கு வெளியே கொழுந்தன் நஸீப் நின்றான்.

"மதினி, ராவைக்கு இன்னும் பனிதான். அடுத்த மாசம் நடுவமா?"

"ஒரு கன்றைத் தாங்க."

திரைக்குக் கீழே கன்று வந்தது. வேர் மண்ணைச் சுற்றிப் பின்னியிருந்தது.

"வேருக்கு இனி இடம் பத்தாது, நஸீப். கூரையக் கழட்டி நாலஞ்சு ராவு பனியில விடுங்க. பழகினதும் நட்டிடுங்க."

"பட்டுப் போனா?"

"குளிர் தாங்குற சாதி. பிந்தி நட்டா வெயில்தான் கொல்லும்."

நஸீப் போனான். கணவர் கட்டிய கூரையைப் பிரிக்கும் சத்தம் கேட்டது. அழுகை வரும் என்று றமீஸா காத்திருந்தாள். வரவில்லை. எழுந்து, கையிலிருந்த மண்ணைக் கழுவினாள்.