வீட்டு இலக்கம் இல்லாத மாடி

கொட்டாஞ்சேனையை விட்டு ஹியூபேட்டும் ஐறீனும் வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடு வாங்கி இரண்டு வருடமாகியிருந்தது. கட்டிய கொம்பனி மாநகரசபையின் குடிபுகல் சான்றிதழை எடுக்கவில்லை. அதனால் வீட்டுக்கு இலக்கமும் இல்லை, உறுதிப்பத்திரமும் இல்லை. யுத்தகாலம்; கொழும்பில் இருக்கும் தமிழர் பொலிஸில் பதிந்திருக்கவேண்டும். இலக்கமில்லாத வீட்டைப் பதியமாட்டோம் என்று பொலிஸாரும் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

எதிர்வீட்டுப் புவாத், மகள் பைறோஸாவுக்குச் சீதனமாகக் கொடுக்கவே அங்கு வாங்கியிருந்தார். அவரும் ஹியூபேட்டும் வாங்கியவர்களின் முறைப்பாட்டைக் கேட்கும் பாவனையாளர் விசாரணைச் சபைக்குப் போய் வென்றார்கள். சான்றிதழை எடுத்துக் கொடுக்கும்படி கட்டளை வந்த அன்று புவாத் வீட்டிலிருந்து இனிப்பாக வட்டிலப்பம் வந்தது.

ஆனால் கொம்பனி அசையவில்லை.

"நீதவான் கோட்டுக்குப் போகலாம். கொம்பனிக்குத் தண்டம் போடுவினம், அவ்வளவுதான்," என்றார் சட்டத்தரணி. "கொம்பனியிலை பெயர்ப்பலகையைத் தவிர ஒண்டுமில்லை. முதலாளியின்ரை சொந்தச் சொத்திலை கைவைக்கேலாது."

முதலாளி சிவானந்தன் அப்போது வேறொரு கொம்பனிப் பெயரில் தெஹிவளையில் கட்டிக்கொண்டிருந்தார். என்றாலும் இருவரும் வழக்குப் போட்டார்கள்.

அடுத்த முறை பொலிஸார் மாடியைச் சுற்றிவளைத்துச் சோதித்தபோது, பதிவில்லை என்று ஹியூபேட்டைப் பிடித்துப் போனார்கள். ஐறீன் பொலிஸில் விசாரணைச் சபையின் கட்டளையை நீட்டினாள்.

"மேக்க கொம்பனியட்ட நே, நோனா," என்றார் அதிகாரி. அது கொம்பனிக்கு எழுதியதாம். வீட்டைக் கட்டியவரே வந்து சொல்லட்டுமாம்.

அவள் சிவானந்தனிடம் ஓடினாள்.

"வாறன் அக்கா. ஆனா நீங்கள் ரெண்டு வீட்டாரும் வழக்கை வாபஸ் வாங்கவேணும். வழக்கு நிக்குதெண்டு பாங்க் எனக்கு லோன் தருதில்லை."

"நீங்களும் தமிழ் ஆள்தானே தம்பி. அவர் உள்ளுக்கை இருக்கிறார்."

"அதாலைதான் வாறன் எண்டுறன்."

ஐறீன் தயங்கித் தயங்கித்தான் புவாத்திடம் இதைச் சொன்னாள். அவர் கேட்டு முடித்துவிட்டு, வாபஸ் கடிதத்தில் கையெழுத்துப் போடப் பேனையை எடுத்தார்.

"மனிசன் மொதல்ல வீட்டுக்கு வரட்டும்," என்றார். குசினியில் அவர் மனைவி ஹமீமா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

மறுநாள் சிவானந்தன் பொலிஸில் வந்து சொல்ல, ஹியூபேட்டை விட்டார்கள்; அவர் வீட்டுக்கு வந்தார். ஐறீன் எல்லாவற்றையும் சொன்னாள்.

"புவாத்தும் கையெழுத்துப் போட்டவரோ?"

"ஓம்."

அவர் போட்டிருந்த சேட்டைக்கூட மாற்றாமல் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். திறந்ததும் நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"உள்ள வாங்க," என்றார் புவாத். "தேத்தண்ணி குடிப்பம்."

நோன்பு மாதத்துக்கு முன்னரே பைறோஸாவின் சம்பந்தம் முறிந்துபோனது. வீட்டை உறுதியில் எழுதித் தரமுடியாது என்பதுதான் காரணம். புவாத் அதைச் சொல்லவில்லை. ஹமீமா ஐறீனிடம் சொன்னாள். அதற்குப் பிறகு படியில் அந்தப் பிள்ளை "அங்கிள்" என்று கூப்பிட்டாலும் ஹியூபேட் தலை நிமிர்ந்து பார்த்ததில்லை.