மேகனுக்கு ஒரு கைவிசேஷம்

சித்திரை வருஷப் பிறப்பு. இலங்கை மலைநாட்டில், றொசல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்தின் வரிசை வீடுகள் முழுக்கப் பலகார வாசம். சுதர்ஷினிக்கு மட்டும் உடம்புதான் இங்கே, புத்தி அமெரிக்காவில்.

கொழும்புக் கம்பனி ஒன்றுக்காக அமெரிக்கர்களின் வருமான வரிக் கணக்குகளை வீட்டிலிருந்தே தயாரிப்பது அவள் வேலை. வேலை என்று சொன்னாலும் இன்னும் தகுதிகாண் காலம்தான். "பிழையில்லாம முடிச்சா நிரந்தரம். ஒரு பிழை வந்தாலும் யோசிக்கணும்" என்று மேற்பார்வையாளர் ஜெனிதா மிஸ் முதல் நாளே கறாராகச் சொல்லியிருந்தார். கடைசிப் பைல் மேகன் என்ற தாதியுடையது. அதை நேற்று அனுப்பியாயிற்று, முடிவு இன்று தெரியும். காலையிலிருந்து சுதர்ஷினிக்கு இருப்புக்கொள்ளவில்லை. முறுக்கைக் கடிக்க மறந்து கையில் வைத்துக்கொண்டே திரிந்தாள்.

அந்த மேகன் கடன் வாங்கிப் படித்தவள். அப்படிப் படித்தவர்கள் கடனுக்குக் கட்டும் வட்டியை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம், வரி குறையும் என்பது அந்த நாட்டுச் சட்டம். ஆனால் வட்டியைக் கட்டியது மேகன் அல்ல, அவளுடைய அம்மா. கட்டாதவளுக்கு எதற்குக் கழிவு என்று சுதர்ஷினி அதை விட்டுவிட்டாள்.

சுபநேரம் வந்தது. அப்பா சோலைமலை, சாமி படத்துக்கு முன்னால் நின்று, வெற்றிலையில் புது ரூபாய்த் தாளை வைத்து ஒவ்வொருவருக்கும் கைவிசேஷம் கொடுத்தார். தங்கை கிருஷாந்தி கையை நீட்டினாள். அப்பா அவளைத் தாண்டிப் போய், வாசலில் நின்ற பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணுவின் கையில் வைத்தார்.

"அப்பா! என்னோடது எங்க?"

"ஒனக்குத்தான் குடுத்தாச்சே."

"எங்க குடுத்தீங்க?"

"இவங்ககிட்ட சட்டைத் துணி வாங்கிட்டுக் கடன் சொல்லி வச்சிருக்கல்ல? நான் ஒனக்குக் குடுத்தேன், நீ அவங்களுக்குக் கட்டிட்ட. ரெண்டும் ஒரே வேலையா முடிஞ்சிருச்சு."

அம்மாக்கண்ணு காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "நல்ல நாள்ல கடன் அடைச்ச புள்ள நல்லா இருக்கணும்" என்று வாழ்த்து வேறு சொன்னாள். கிருஷாந்தி மூக்கால் அழ, வீடே சிரித்தது.

சுதர்ஷினி சிரிக்கவில்லை. கையிலிருந்த முறுக்கு கீழே விழுந்தது. போனில் இறக்கி வைத்திருந்த வரி விதிகளை அவசர அவசரமாகப் புரட்டினாள். நேற்று அவள் நிறுத்திய இடத்துக்கு அடுத்த பத்தியிலேயே இருந்தது. கடன் பிள்ளையின் பெயரில் இருந்து, பிள்ளை பெற்றோரைச் சார்ந்து இல்லாவிட்டால், பெற்றோர் கட்டும் வட்டி பிள்ளைக்குக் கொடுத்த அன்பளிப்பு. பிள்ளையே அதை வாங்கிக் கட்டியதாகக் கணக்கு. மேகனோ தனியாக இருந்து தானே சம்பாதிப்பவள். அட கடவுளே, அமெரிக்க அரசாங்கமும் அப்பாவும் ஒரே மாதிரியல்லவா யோசிக்கிறார்கள்!

துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. அடுத்த நொடியே தேதி நினைவுக்கு வந்தது. அங்கே வரிக் கணக்குக் கொடுக்க நாளைதான் கடைசி நாள். வாயை மூடிக்கொண்டு இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. மேகன் கூடுதலாக வரி கட்டுவாள், இவளுக்கு வேலை நிரந்தரமாகும். சொன்னால், கடைசிப் பைலில் பிழை. இதையெல்லாம் யோசிக்கும்போதே அவள் தேயிலை மேட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தாள். வீட்டில் போன் பேச்சு விட்டு விட்டுத்தான் கேட்கும், மேட்டில் தெளிவாகக் கேட்கும்.

"மிஸ், மேகனுக்குப் பைலை அனுப்பிட்டீங்களா?"

"இப்பதான் அனுப்பப் போறேன். ஏன்?"

"அனுப்பாதீங்க மிஸ்! நான் பிழை விட்டுட்டேன்." மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினாள், கைவிசேஷக் கதையையும் சேர்த்து.

மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது.

"மிஸ்?"

"இரு, விதியைப் படிக்கிறேன்." பிறகு ஜெனிதா வாய்விட்டுச் சிரித்தார். "நானும்தானே பார்த்துட்டு சரின்னு விட்டேன். என் கண்ணுலயும் படலையே!"

"அப்ப என் வேலை...?"

"முதல்ல இதைத் திருத்தி அனுப்பு. வர்ற மாசம் புதுசா ரெண்டு பேர் சேர்றாங்க. அவங்க பைலை நீதான் சரி பார்க்கணும். நிரந்தரம் இல்லாதவங்ககிட்ட அந்த வேலையைக் குடுக்க முடியுமா?"

அது விளங்கச் சுதர்ஷினிக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் "ஐயோ!" என்று அவள் கத்திய கத்தலில் லயத்து வாசல்களில் தலைகள் எட்டிப் பார்த்தன. அம்மா பதறிக்கொண்டு மேட்டில் ஏறினாள்.

"என்னடி, அட்டை கடிச்சிருச்சா?"

"கடிக்கட்டும்மா! எனக்கு வேலை நிரந்தரமாயிருச்சு!"