கறுப்பு மேல் கறுப்பு

மின்னல் என்று அவருக்குப் பெயர் வைத்தது யார் என்று யாருக்கும் தெரியாது. இருபத்திரண்டு வருடமாகக் கல்யாண மண்டபங்களில் கேமராவின் தலையில் ஃபிளாஷை மாட்டிக்கொண்டு, எதிரே நிற்பவர்களின் கண்ணைக் கூசவைத்தே பிழைத்த மனிதருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? மணமகள், மணமகளின் பெரியம்மா, வாயில் வைத்த கவளத்தோடு மாட்டிக்கொண்ட யாரோ ஒருவர், எல்லோரும் அவர் படத்தில் பளிச்சென்று இருப்பார்கள். முகம் தெரிய வேண்டும், அதுதான் படம் என்பது அவர் கட்சி. அந்தக் கட்சிக்கு அவரே தலைவர், அவரே தொண்டர்.

இன்றைக்கு அவருடைய கேமராவின் தலையில் ஃபிளாஷ் இல்லை. தீப்பெட்டி அளவில் ஒரு குட்டிக் கருவி மட்டும் உட்கார்ந்திருந்தது. ஃபிளாஷ் ஆறடி தள்ளி, ஒரு கம்பின் நுனியில், வெள்ளைத் துணி மூடிய பெட்டிக்குள் இருந்தது. இங்கே பொத்தானை அழுத்தினால் குட்டிக் கருவி சேதி சொல்லும், அங்கே வெளிச்சம் அடிக்கும். கேமரா ஓரிடம், வெளிச்சம் ஓரிடம். அவர் கட்சியைப் பொறுத்தவரை இது கட்சி தாவல்தான்.

எல்லாம் தங்கச்சியின் கறுப்புக் கோட்டுக்காக. தங்கச்சி தையல்காரி. வெறும் தையல்காரி என்று சொன்னால் மின்னலுக்குக் கோபம் வரும், அவள் உடுப்புகளைத் தானே வரைந்து, தானே வெட்டி, தானே தைக்கிறவள். அந்தக் கோட்டில் கறுப்புக் கம்பளித் துணியின் மேல் கறுப்புப் பட்டு நூலில் ஒரு கொடி தோளிலிருந்து இடுப்புவரை இறங்கும். இலை இலையாக மூன்று மாத வேலை. கையால் தடவினால் கண்ணுக்குத் தெரியும் முன்னே விரலுக்குத் தெரியும்.

போன வருடம் அதை மின்னல்தான் படம் எடுத்தார். கேமராவின் தலையில் ஃபிளாஷ், நேருக்கு நேர். வந்த படத்தில் கொடியும் இல்லை, இலையும் இல்லை, தார் பூசிய சுவர் மாதிரி ஒரு கோட்டு இருந்தது. கோட்டைத் தன் கடையில் வைக்கலாமா என்று பார்த்துக்கொண்டிருந்த உடுப்புக் கடைக்கார அம்மா படத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டாள். அன்றைக்கு மின்னல் தங்கச்சியிடம் பெரிய மேதை மாதிரி ஒன்று சொன்னார்: "கறுப்பு மேல கறுப்பு எடுபடாதும்மா. கேமரா என்ன பண்ணும், துணியோட குறை அது." "பரவாயில்லண்ணா" என்றாள் தங்கச்சி. அதற்குப் பிறகு வருடம் முழுக்க மஞ்சளும் சிவப்புமாகவே தைத்தாள்.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் அவர் அவளுடைய தையல் அறைக்குப் போனபோது, அந்தக் கோட்டு பொம்மைமேல் மாட்டியிருந்தது. பக்கத்து ஜன்னலிலிருந்து வெயில் சாய்வாக வந்து அதன்மேல் விழுந்தது. கொடியில் ஒவ்வோர் இலையும் தனித்தனியாக எழுந்து நின்றது. குறை துணியில் இல்லை, தன் கேமராவின் தலையில் மாட்டியிருந்த விளக்கில் என்று மின்னலுக்கு அந்த நிமிடமே புரிந்தது. புரிந்ததை வெளியே சொல்லத்தான் வாய் வரவில்லை. வீட்டுக்குப் போய்க் குட்டிக் கருவி வாங்கினார், மனைவியின் கறுப்புக் கைப்பையை நாற்காலியில் உட்காரவைத்து, விளக்கை இடதில் வைத்து, வலதில் வைத்து, மாதக்கணக்கில் எடுத்துப் பழகினார். "பைக்கு என்ன கல்யாணமா?" என்று மனைவி கேட்டாள். அவளிடமும் சொல்லவில்லை.

இப்போது கடைக்கார அம்மா மறுபடியும் கேட்டிருக்கிறாள். சாயங்காலம் ஐந்து மணிக்குள் படம் போக வேண்டும். வேலைப்பாடு படத்தில் தெரிந்தால் கடை முகப்புக் கண்ணாடிக்குள் அந்தக் கோட்டுதான் நிற்கும். தெரியாவிட்டால் கொடிமேல் வெள்ளி நூலை ஓட்டித் தர வேண்டும். தங்கச்சி அதற்கும் சரி என்று தலையாட்டிவிட்டாள். "தெரியலன்னா ஓட்டிடுறேண்ணா. இத்தனைக்கப்புறம் எனக்கும் அது மேல நம்பிக்கை போயிருச்சு" என்று அவள் சொன்னது மின்னலின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டு நின்றது.

அறை சின்னது. துணி வெட்டும் மேசை பாதியை விழுங்கியிருந்தது, மீதியை இஸ்திரி மேசையும் இரண்டு பொம்மைகளும் பங்கு போட்டுக்கொண்டன. முக்காலி ஸ்டாண்டை விரிக்க இடமில்லை. அதனால் விளக்குக் கம்பைப் பிடிக்கும் பொறுப்பு தங்கச்சி வீட்டுக்காரருக்கு வந்தது. அவர் லிஃப்ட் மெக்கானிக். ஆள் உயரம், கை உறுதி, மனசு மட்டும் பஞ்சு. தொலைக்காட்சித் தொடரில் வில்லிக்குக் கஷ்டம் வந்தாலும் கண் கலங்குகிறவர்.

"மாப்பிள்ளை, இங்கதான் நிக்கணும்" என்று மின்னல் தையல் சாக்பீஸால் தரையில் ஒரு கோடு போட்டார். கோட்டைப் போட்டுக்கொள்ள வந்திருந்த மாடல் பெண்ணுக்கு நேர் இடதுபக்கம், தோளுக்கு நேராக அந்தச் சாக்பீஸ் கோடு இருந்தது. "வெளிச்சம் பக்கத்துல இருந்து துணியை உரசிக்கிட்டுப் போகணும். அப்பத்தான் இலையோட நிழல் விழும்."

"சரிங்க மச்சான். நான் அசைய மாட்டேன்" என்றார் மாப்பிள்ளை.

மாடல் பெண் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் உட்காருகிறவள், விடுமுறை நாளில் உடுப்புகளுக்கு நிற்பாள். கோட்டின் உள்துணியைத் தங்கச்சி இன்னும் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்ததால், அவள் தன் வெள்ளைச் சட்டையோடே நிற்க, மின்னல் ஒரு படம் எடுத்துப் பார்த்தார். மேசைமேல் இருந்த மடிக்கணினியில் படம் வந்து விழுந்தது. முகத்தின் ஒரு பாதி வெளிச்சம், மறுபாதி இருட்டு. மின்னலுக்கு மனம் குளிர்ந்தது. மாப்பிள்ளை எட்டிப் பார்த்துவிட்டு, சாக்பீஸ் கோட்டுக்குத் திரும்பிப் போனார்.

கோட்டு மாட்டியாயிற்று. தங்கச்சி பொத்தானைப் போட்டுவிட்டு, மடிக்கணினிக்கு முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். மின்னல் ஒரு கண்ணை மூடி, மறு கண்ணைக் கேமராவில் ஒட்டினார். "ரெடி." வெளிச்சம் அடித்தது.

படம் வந்தது. தார் பூசிய சுவர்.

முகம் என்னவோ அழகாகத்தான் இருந்தது, இரண்டு பக்கமும் பளிச்சென்று. ஆனால் கோட்டில் ஓர் இலைகூடத் தெரியவில்லை. எதிர்ப்பக்க வெள்ளைச் சுவரில் வெளிச்சம் பட்டுத் திரும்பி வருகிறது போல என்று மின்னல் நினைத்தார். தங்கச்சியிடம் இருந்த கறுப்புத் துணியை வாங்கிச் சுவர் முழுக்கத் தொங்கவிட்டார். மறுபடியும் எடுத்தார். அதே தார்ச் சுவர். ஃபிளாஷின் சக்தியைக் குறைத்தார், கோட்டோடு முகமும் சேர்ந்து மங்கியது. கூட்டினார், முகம் வெளுத்தது. ஜன்னல் திரையை இழுத்து மூடினார். லென்ஸை மாற்றினார். இடையிடையே மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார், மனிதர் சாக்பீஸ் கோட்டின்மேல் சிலையாக நின்றுகொண்டிருந்தார். அவர்மேல் என்ன குறை சொல்ல முடியும்?

மணி நாலேகால். கைப்பை அத்தனை ஒழுங்காகப் படத்தில் விழுந்ததே, இந்தக் கோட்டுக்கு மட்டும் என்ன வந்தது என்று மின்னல் தனக்குள் புழுங்கினார். ஒருவேளை நான் அன்றைக்குச் சொன்னதுதான் சரியோ என்றுகூட ஒரு கேவலமான நினைப்பு தலைகாட்டியது. அந்த நினைப்பு வந்ததற்காக அவருக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

"பரவாயில்லண்ணா" என்றாள் தங்கச்சி, திரும்பாமலே. "நீ என்ன பண்ணுவ. வெள்ளி நூலே ஓட்டிடலாம்."

அவள் அழுதிருந்தால் தாங்கியிருப்பார், திட்டியிருந்தால் இன்னும் சந்தோஷமாகத் தாங்கியிருப்பார். பரவாயில்லை என்ற வார்த்தையைத்தான் தாங்க முடியவில்லை. போன வருடமும் அவள் அதைத்தான் சொன்னாள்.

"ஒரு அஞ்சு நிமிஷம் கொடு" என்று மின்னல் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்தார். கோட்டைப் பார்த்துப் பிரயோஜனமில்லை, அதில்தான் ஒன்றும் இல்லையே. அதனால் முகத்தைப் பெரிதாக்கினார். பிறகு கண்ணைப் பெரிதாக்கினார். கறுவிழியில் விளக்குப் பெட்டியின் பிம்பம் வெள்ளையாக, சதுரமாக விழுந்திருந்தது. விளக்கு பக்கத்தில் இருந்தால் அந்தச் சதுரம் விழியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். இதில் நட்ட நடுவில், பொட்டு வைத்த மாதிரி இருந்தது. அடுத்த படத்தைத் திறந்தார். அதிலும் நடுவில். எல்லாப் படத்திலும் நடுவில்தான் இருந்தது.

"மாப்பிள்ளை" என்றார் மெதுவாக. "நான் ரெடின்னு சொன்னதும் நீங்க எங்க போறீங்க?"

மாப்பிள்ளை கம்பைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், கடைசியில் மாடல் பெண்ணைப் பார்த்தார். "அது வந்து மச்சான், முதல் படத்துல பாப்பாவுக்குப் பாதி மூஞ்சி இருட்டா இருந்துச்சு. பெத்தவங்க பாத்தா என்ன நெனைப்பாங்க? அதான் நீங்க கண்ண மூடுனதும் ரெண்டு எட்டு முன்னால வந்து மூஞ்சிக்கு நேரா காட்டிட்டு, திரும்ப வந்து சாக்பீஸ் கோட்டு மேலயே நின்னுக்கிட்டேன்."

"எல்லாப் படத்துக்குமா?"

"ஒண்ணு விடாம" என்றார் மாப்பிள்ளை. செய்த வேலையைக் குறைத்துச் சொல்லிப் பழக்கமில்லாதவர்.

மின்னல் மாடல் பெண்ணிடம் திரும்பினார். "ஏம்மா, உன் கண்ணு முன்னாலதானே இவர் நடந்து வந்தாரு. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீங்கதான் சொல்லி வச்சு நடத்துறீங்கன்னு நெனச்சேன் சார். ரெண்டு பேரும் அவ்வளவு ஒத்துமையா பண்ணீங்க."

தங்கச்சி அப்போதுதான் திரும்பினாள். வீட்டுக்காரரை மேலும் கீழும் பார்த்தாள். "கல்யாணமாகிப் பதினாறு வருஷம் ஆச்சு, வீட்டுல ஒரு பல்பு மாத்துங்கன்னா நகர மாட்டீங்க. இன்னைக்கு எங்கிருந்து வந்துச்சு இந்த நடை?" என்றாள். மாடல் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மின்னலுக்குச் சிரிக்கவும் நேரமில்லை, மணி நாலரை தாண்டியிருந்தது. மாப்பிள்ளையின் இரண்டு கால்களுக்கு நடுவில், சாக்பீஸ் கோட்டை ஒட்டியிருந்த துணி வெட்டும் மேசையின் காலைப் பிணைத்துக்கொள்ளும்படி நிற்கவைத்தார், இனி நகர வேண்டுமென்றால் மேசையும் கூடவே வர வேண்டும். "முகத்தைப் பத்திக் கவலைப்படாதீங்க. இருட்டுப் பாதியும் அழகாத்தான் இருக்கும், நான் பொறுப்பு" என்றார்.

"ரெடி."

யாரும் நகரவில்லை. வெளிச்சம் அடித்தது.

படம் திரையில் விழுந்தது. தோளில் தொடங்கி, மார்பைச் சுற்றி, இடுப்பில் போய் முடியும் அந்தக் கொடி முழுசாக இருந்தது. இலைகளின் ஒரு விளிம்பு மினுங்கியது, மறுவிளிம்பு நிழலில் இறங்கியது, நூல் எந்தப் பக்கம் ஓடியது என்பதுகூடத் தெரிந்தது. கம்பளி ஒரு கறுப்பு, பட்டு நூல் வேறொரு கறுப்பு, நிழல் இன்னொரு கறுப்பு. அதன்மேல் பாதி முகம், கண்ணோரத்தில் சின்ன வெள்ளைச் சதுரம். மாப்பிள்ளை மேசைக்காலோடு சிக்கிக்கொண்டே எட்டிப் பார்த்து, "அடேயப்பா, பாப்பா ராணி மாதிரி இருக்கே" என்று முணுமுணுத்தார்.

தங்கச்சி விரலை நீட்டித் திரையில் ஓர் இலையைத் தொட்டாள். பிறகு படத்தைக் கடைக்கார அம்மாவுக்கு அனுப்பினாள். பத்தே நிமிடத்தில் போன் வந்தது, எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"படம் பாத்தேன். நல்லா வந்திருக்கு, ரொம்ப நல்லா வந்திருக்கு" என்றாள் கடைக்கார அம்மா. "கோட்டு நம்ம கடை முகப்புல நிக்கட்டும், வெள்ளி நூலெல்லாம் வேண்டாம். நல்லவேளை, போன வருஷம் நான் வேண்டாம்னு சொன்னதும் உக்காந்து இந்தக் கொடியெல்லாம் புதுசா போட்டிருக்கீங்க பாருங்க."

தங்கச்சி அண்ணனைப் பார்த்தாள். சின்ன வயதில் அவர் உடைத்த தம்ளருக்கெல்லாம் தன் முதுகைக் கொடுத்தவள் அவள். அந்தப் பழக்கம் விட்டுப்போகவில்லை. "ஆமாங்க, அது வந்து, அப்புறமாத்தான்..." என்று இழுத்தாள்.

எட்டு மாதமாக வராத வாய் மின்னலுக்கு இப்போது வந்தது. "இல்லைங்க" என்று போனுக்குப் பக்கத்தில் குனிந்தார். "ஒரு இலைகூடப் புதுசு இல்ல. கொடி போன வருஷமே இருந்துச்சு. படம் எடுத்தவனுக்கு லைட்டை எங்க வைக்கிறதுன்னு தெரியல. தெரியாததோட நிக்காம, பழியத் தூக்கித் துணி மேல போட்டுட்டான்."

"அட. யாருங்க அது?"

"நான்தாங்க. இவளோட அண்ணன்."

"அப்ப இந்தப் படம்?"

"அதுவும் நான்தாங்க."

கடைக்கார அம்மா சிரித்தாள். நாளைக்கே கோட்டைக் கொடுத்தனுப்பச் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். மாடல் பெண் கோட்டைக் கழற்றாமலே கண்ணாடிக்கு முன்னால் போய்த் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். மாப்பிள்ளை விளக்கை இறக்க மறந்து நின்றார்.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்றாள் தங்கச்சி.

"எட்டு மாசமா."

அவள் கண் நிறைந்துவிட்டது. கோபமா, சந்தோஷமா என்று அவளுக்கே தெரிந்திருக்காது, இரண்டும்தான். "ஒரு வருஷமா நான் என் கையத்தான் திட்டிக்கிட்டு இருந்தேன். தினமும் ஊசியை எடுக்கறப்பல்லாம் திட்டுவேன்."

"தப்பு என்னுதும்மா. என்னை நாலு வார்த்தை திட்டிரு."

"என்கிட்ட எதுக்குச் சொல்ற?" என்று தங்கச்சி தன் வலதுகையை அவர் முன்னால் நீட்டினாள். விரல் நுனியெல்லாம் ஊசி குத்தித் தடித்திருந்தது. "இதுகிட்ட சொல்லு."

மின்னல் அந்தக் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வாங்கிக்கொண்டு, அதைப் பார்த்தே சொன்னார்.