கம்பளி சாக்ஸ்

பெட்டியை மூடப்போகிறோம், முகம் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று உபதேசியார் குரல் கொடுத்தார். எல்லோரும் ராயப்பனின் முகத்தைப் பார்த்தார்கள். மகள் லிடியா மட்டும் காலைப் பார்த்தாள். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அப்பாவின் காலில் இருந்தது அவளுடைய சாக்ஸ். சாம்பல் நிறத்தில், கெண்டைக்கால் வரைக்கும் ஏறும் கனத்த கம்பளி சாக்ஸ். வருகிற வெள்ளிக்கிழமை இமயமலைக்குப் புறப்படுவதற்கென்று வாங்கியது. கள்ளக்குறிச்சிக் கடைத்தெரு முழுக்க அலைந்தும் கிடைக்காமல் ஆன்லைனில் சொல்லி, அதுவும் முதல் தடவை சின்ன அளவாக வந்து, திருப்பி அனுப்பி வாங்கியது.

யார் செய்த வேலை என்று விசாரிக்கவே வேண்டாம். கால்மாட்டில் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள் செல்லியம்மாள். லிடியா பள்ளிக்கூடம் போகிற நேரத்தில் ராயப்பனைப் பார்த்துக்கொள்ள வந்துபோகிறவள். கிறிஸ்தவர் வீட்டுச் சாவென்றால் கையுறையும் சாக்ஸும் இல்லாமல் பெட்டியில் வைக்கமாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும். பெட்டியோடு கையுறை வந்துவிட்டது, சாக்ஸ் வரவில்லை. அவளா கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள்? லிடியாவின் முதுகுப் பையைக் குடைந்து எடுத்துவிட்டாள்.

"பெரியவருக்கு எந்நேரமும் காலு சில்லுன்னு இருக்கும் இல்ல டீச்சரம்மா. அதான் நல்லதா பாத்துப் போட்டன்" என்றாள் காதோரமாக.

கழற்றச் சொல்லலாம்தான். சொன்னால் எதற்கு என்று கேட்பார்கள். எதற்கு என்று சொன்னால் அவ்வளவுதான், இத்தனை சொந்தக்காரர்கள் நடுவில் மானம் போய்விடும். லிடியா வாயை மூடிக்கொண்டாள். பெட்டியையும் மூடினார்கள்.

அன்னபூர்ணா பேஸ் கேம்ப், நேபாளத்தில் அந்தச் சிகரத்தின் அடிவாரம். அப்படியொன்றும் ஆளைக் கொல்கிற ஏற்றம் இல்லை, விளையாட்டும் இல்லை, நடந்து பழகிக்கொண்டால் நம்மைப் போன்றவர்களும் போகலாம் என்று கூட வேலை பார்க்கிற ராதிகா டீச்சர்தான் ஆசை காட்டினாள். போன வருஷமே போயிருக்க வேண்டியது. அப்பாவுக்குக் காய்ச்சல் கண்டு நின்றுபோனது. இந்தக் காலாண்டு லீவுக்கு மறுபடி பதிவு செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் செல்லியம்மாளை வீட்டில் உட்காரவைத்துவிட்டு இருவரும் கல்வராயன் மலைக்கு ஓடுவார்கள். அடிவாரத்தில் ஸ்கூட்டரைப் போட்டுவிட்டு வெள்ளிமலை ரோட்டில் மேலே நடப்பார்கள். பஸ்காரர்கள் நிறுத்தி நிறுத்தி, ஏறிக்கொள்ளுங்கள் டீச்சர் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போனார்கள். மற்ற நாளெல்லாம் வீட்டிலேயே. பைக்குள் அரிசியைக் கட்டிவைத்து முதுகில் மாட்டி, புது பூட்ஸையும் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்குவாள்.

ராயப்பன் அந்த வெள்ளிமலை பஸ்ஸில்தான் காலமெல்லாம் கண்டக்டராக இருந்தார். பக்கவாதம் வந்து பேச்சும் வலது பக்கமும் போன பிறகு, இடது கை மோதிரத்தால் கட்டிலின் இரும்புச் சட்டத்தைத் தட்டுவார். எல்லாம் பஸ் பாஷைதான். ஒரு தட்டு என்றால் நில். இரண்டு தட்டு என்றால் போகலாம். லிடியா அரிசியோடு படியில் கால் வைத்தால் இரண்டு தட்டு விழும். மூச்சு வாங்க இறங்கி வருகிறவளைப் பார்த்து வாய் ஒரு பக்கம் கோணச் சிரிப்பார். ஆனால் அவள் வாசல் பக்கம் போனால் ஒரு தட்டு. செருப்பை மாட்டினால் ஒரு தட்டு. அந்த ஒரு தட்டுக்கு நின்று நின்றே வருஷங்கள் ஓடிப்போயின. அவள் தலையில் நரையும் வந்துவிட்டது.

நீ போய் வா அக்கா, நான் லீவு போட்டு வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்த தம்பி ஆல்பின், ஓசூரிலிருந்து போன வாரம் போன் செய்து, லீவு கிடைக்கவில்லை என்று கையை விரித்துவிட்டான். இனி இந்த ஜென்மத்தில் இல்லை என்று லிடியா மனசைத் தேற்றிக்கொண்டாள். ராதிகாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் பாக்கி. அப்படி இருக்கும்போதுதான் இன்று காலை காபியோடு போய் எழுப்பினால் அப்பா எழுந்திருக்கவில்லை.

முதலில் வந்தது அழுகை இல்லை. அப்பாடா என்று ஒரு மூச்சு வந்தது. இனி ராத்திரி எழுந்து புரட்டிப் படுக்கவைக்க வேண்டாம், அவருக்கும் அந்த வேதனை இல்லை என்று ஒரு நிம்மதி. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம்கூட வெட்கமில்லாமல், வெள்ளிக்கிழமை என்று வந்து நின்றது மனசு. சீ என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டியும் அந்த நிம்மதி ஒரு அடி நகரவில்லை. பகல் முழுக்கக் கூடவே உட்கார்ந்திருந்தது.

சாயங்காலம் பெட்டியை வண்டியில் ஏற்றினார்கள். வாசலில் கிடந்த செருப்புக் குவியலில் லிடியாவின் செருப்பை மட்டும் காணோம். சாவு வீட்டில் இது நடக்கிறதுதான், எவளோ மாட்டிக்கொண்டு போயிருப்பாள். வெறுங்காலோடு கிளம்பியவளைத் தெரசா அத்தை பார்த்துவிட்டாள். ராயப்பனின் தங்கை, தகவல் போனதும் எலவனாசூர்கோட்டையிலிருந்து முதல் ஆளாக வந்து எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொண்டவள். அந்தக் குடும்பத்தில் அத்தை சொன்னால் சொன்னதுதான்.

"கல்லறை மேடு பூரா முள்ளு. எதையாச்சும் மாட்டிக்கினு வாடி."

அவள் காலுக்கென்று மிச்சம் இருந்தது பூட்ஸ்தான். வெள்ளைச் சேலைக்குக் கீழே பழுப்பு நிற பூட்ஸைப் போட்டு நாடாவை இழுத்துக் கட்டினாள். இன்னாக்கா இது கோலம், ஜனங்க பார்க்கிறாங்க என்று மதியம்தான் ஓசூரிலிருந்து வந்து சேர்ந்திருந்த ஆல்பின் பல்லைக் கடித்தான். சாக்ஸ் இல்லாத பூட்ஸ் சும்மா விடுமா? கோயில் தாண்டுவதற்குள்ளேயே குதிகாலை அறுக்கத் தொடங்கிவிட்டது. குழிக்குள் ஒரு பிடி மண் போட்டபோதுதான் அவளுக்கு அழுகை உடைத்துக்கொண்டு வந்தது. குதிகாலுக்கு அழுதாளா அப்பாவுக்கு அழுதாளா என்று அவளுக்கே தெரியவில்லை. நன்றாக அழுதாள்.

திரும்பி வந்தபோது செல்லியம்மாள் இரும்புக் கட்டிலை வாசலுக்கு இழுத்துப்போட்டுக் கழுவிவைத்திருந்தாள். லிடியா அதில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினாள். குதிகாலில் தோல் பெயர்ந்து ரத்தம் கசிந்திருந்தது. கூட வந்த ராதிகா, சாக்ஸ் எங்கே என்று கேட்டு வாயை மூடவில்லை, செல்லியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். ஐயோ, இமயமலைக்குப் போக வாங்கிவைத்ததா, தெரியாமல் பெரியவருக்குப் போட்டுவிட்டேனே என்று ஊருக்கே கேட்கிற மாதிரி ஒரு பாட்டம் அழுதாள். ஒளித்துவைத்தது அத்தனையும் வெளியே வந்துவிட்டது.

ஆல்பின் எழுந்து வந்தான்.

"இப்ப எப்பிடிக்கா போவ? ஊரு இன்னா பேசும்? அப்பன் எப்பப் போவான்னு காத்துக்கினு இருந்தாளுன்னு பேசும்."

அதில் பாதி நிஜம் என்று லிடியாவுக்குத்தான் தெரியுமே. தலையைக் குனிந்துகொண்டு காலைப் பார்த்தாள்.

தெரசா அத்தை ஜெபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஆல்பின் பக்கம் திரும்பினாள்.

"நீ எத்தினி நாளு இருப்ப?"

"பத்து நாளு லீவு குடுத்துக்கிறாங்க அத்த."

"போன வாரம் கெடைக்கலன்னியே."

ஆல்பின் செல்போனை எடுத்துக்கொண்டு தெருப்பக்கம் போய்விட்டான். அத்தை கட்டிலில் உட்கார்ந்து லிடியாவின் காலை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். விளக்கு வெளிச்சத்தில் அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"என்னிக்கு கெளம்பணும்?"

"வெள்ளிக்கெழம அத்த."

"முப்பதாம் நாளு பூசைக்கு வந்துடுவ இல்ல?"

"அதுக்கு ரொம்ப முன்னாடியே வந்துடுவன்."

"மேல்தோலுதான் போயிருக்கு. அதுக்குள்ள ஆறிடும்" என்று சொல்லிவிட்டு, தேங்காயெண்ணெய் கொண்டுவரச் சொல்லி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். தன்னிடம் இன்னொரு ஜோடி சாக்ஸ் இருக்கிறது என்று ராதிகா மெதுவாகச் சொன்னாள்.

எண்ணெய் போட்டு முடித்து அத்தை எழுந்து போன பிறகு லிடியா பூட்ஸை எடுத்துப் பார்த்தாள். அடிப்பள்ளம் எல்லாம் கல்லறை மண் அடைத்திருந்தது. ஒன்றை எடுத்துக் கட்டில் சட்டத்தில் தட்டினாள். டங் என்று ஒரு தட்டு விழுந்தது. பழக்க தோஷம், கை அப்படியே நின்றுவிட்டது. எண்ணெய்க் கிண்ணத்தோடு உள்ளே போய்க்கொண்டிருந்த செல்லியம்மாளும் நின்று திரும்பிப் பார்த்தாள்.

லிடியா இன்னொரு பூட்ஸையும் எடுத்துத் தட்டினாள்.