நாறலுக்குச் சொந்தக்காரன்

உலகத்துப் பாஷைகள் வளர யுகங்கள் பிடித்திருக்கலாம். கிறகோரி ஒரு தேத்தண்ணி ஆறுவதற்குள் ஒன்றைச் செய்து முடித்தார். அந்தப் பாஷையால் ஒரு மீன் வியாபாரியை முழங்காலில் நிற்க வைத்தார். கரையில் காகங்களும் அதைப் பேசின.

"விசர்க்கதை," என்பாள் மனைவி சுசிலா, அவர் இப்படிச் சொல்லும்போதெல்லாம்.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு. கொக்கிளாயிலிருந்து இடம்பெயர்ந்து முல்லைத்தீவில் இருந்த கிறகோரி, நந்திக்கடலில் வலை வீசித் திரளி மீன் பிடித்துவருவார். கரையில் ஏலம் தொடங்குமுன் உடையார்கட்டு வியாபாரி நடராசா கூடையை முகர்ந்து, "சேத்து நாத்தம்" என்று ஊருக்கே கேட்கும்படி சொல்லுவான். பிறகு எவரும் விலை கேட்கமாட்டார்கள். அவனே அடிமாட்டு விலைக்கு அள்ளிப்போவான். போதாக்குறைக்குக் கோயில் வாசலிலும் கிறகோரிக்குச் 'சேத்துமீன்காரன்' என்ற பேர் ஒட்டிக்கொண்டது.

வயிறெரிந்தவர் பாஷை செய்தார். 'லூமி' என்றால் மீன், 'சொப்பி' என்றால் நாறல், 'தினி' என்றால் நல்லது. பொருள் முன்னுக்குப் போகும், குணம் பின்னால் வரும். அந்தக் குணத்தைச் சொன்னவனின் பேரையும் வாலில் கட்டவேண்டும். பேர் கட்டாமல் எந்தப் பொருளுக்கும் குணம் கிடையாது.

"லூமி-சொப்பி-நடராசா," என்று சொல்லிக்காட்டினார்.

"இதை ஆர் பேசப்போகினம், இஞ்சேருங்கோ?" என்றாள் சுசிலா.

றேடியோவுக்குப் பற்றறி இல்லாத காலம். கிழிந்த வலை பொத்தும் பெண்கள் பாஷையைப் பிடித்துக்கொண்டார்கள். கருவாடு சொப்பி-நடராசா. வாய்க்கால் சொப்பி-நடராசா. புருசன்மார் உடுத்த சாரம் சொப்பி-நடராசா. ஒரு கிழமைக்குள் முல்லைத்தீவில் நாறியதெல்லாம் அவன் பேரில் நாறியது. கதை உடையார்கட்டுக்கும் போய், அங்கே சனம் அவனுடைய மீன்பெட்டியை முகர்ந்து பார்க்கத் தொடங்கியது.

நடராசா ஓடிவந்தான். "கிறகோரியண்ணை, என்ர பேரைக் கழட்டிவிடுங்கோ."

"கட்டினதைக் கழட்டேலாது, தம்பி. வேணுமெண்டா நல்ல குணம் ஒண்டை நீரே கட்டும். ஏலத்தில. சத்தமா."

மறுநாள் கரை கொள்ளாத சனம். நடராசா கூடையருகே முழங்காலூன்றி முகர்ந்தான்.

"லூமி-தினி-நடராசா."

"காது கொஞ்சம் மந்தம், தம்பி."

திரும்பவும் கத்தினான். ஏலம் ஏறு ஏறென்று ஏறியது. தன் வாயால் நல்லதென்ற மீனை விட்டுப்போக முடியாமல், உச்ச விலைக்கு அவனே எடுத்தான்.

"காகம் பேசினது பொய்," என்றாள் சுசிலா.

"முழங்காலில நிண்டது?"

சுசிலா கூடையைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"ஓம். அவன்ர சாரத்தில மண் ஒட்டியிருந்தது. நானும் கண்டனான்."